லோஷன் தடவி வெயிலில் நின்றதால் தங்கைக்குக் கொப்புளம்: வெளிச்சம் பட்டால்தான் வேலை செய்யும் மருந்து என்கிறார்கள், விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

கோவில்பட்டி அண்ணன் எழுதியது:

வணக்கம். என் தங்கைக்கு 22 வயது, பி.எட். படிக்கிறாள். இரண்டு வருஷமாக இடது முழங்காலுக்குக் கீழே, கை விரல் கணுக்களில், வலது கண்ணுக்குக் கீழே என்று வெண்புள்ளிகள் வந்திருக்கின்றன. போன மாதம் தோல் டாக்டரிடம் காட்டினோம். முகத்துக்கு ஒரு களிம்பு, காலுக்கும் கைக்கும் ஒரு லோஷன். லோஷனைத் தடவி அரை மணி நேரம் கழித்து 5 நிமிஷம் வெயிலில் காட்டு, வாரத்துக்கு இரண்டு நாள் போதும் என்றார். வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள், அதற்கு மேல் நாங்களும் கேட்கவில்லை.

அவளும் சொன்னபடிதான் செய்தாள், மொட்டை மாடியில் கடிகாரம் பார்த்து சரியாக 5 நிமிஷம். அப்புறம் அப்படியே கிளம்பிக் கல்லூரிக்குப் போய்விட்டாள், பஸ்ஸில் ஜன்னல் சீட், ஒரு மணி நேரப் பயணம். அன்றைக்கு ஒன்றும் இல்லை. மறுநாளும் ஒன்றுமில்லை, லேசாகச் சிவந்த மாதிரி இருந்தது அவ்வளவுதான். மூன்றாம் நாள் காலையில் பார்த்தால் கையில் இருந்த புள்ளிகள் எல்லாம் நீர் கோத்துக் கொப்புளமாக நிற்கின்றன. வேட்டியில் நெருப்புப் பொறி பட்டாலே பதறுகிற ஆள் எங்கள் அப்பா, அதைப் பார்த்ததும் பாட்டிலைத் தூக்கி வெளியே எறிந்துவிட்டார்.

இப்போது ஆச்சி சொல்கிறார், இந்த ஆஸ்பத்திரி மருந்தெல்லாம் வேண்டாம், கார்போகரிசி என்ற மூலிகை விதையில் எண்ணெய் காய்ச்சித் தடவலாம், அது நம்ம ஊர் மருந்து, ஒன்றும் செய்யாது என்று. எனக்குத் தெரிய வேண்டியது மூன்று விஷயம். வெளிச்சம் பட்டால்தான் மருந்து வேலை செய்யும் என்பது உண்மையா? 5 நிமிஷத்துக்கு ஏன் இப்படிப் பொத்துப்போனது? ஆச்சி சொல்வதைச் செய்யலாமா?


மதுரை டீச்சர் எழுதியது:

தம்பி, முதலில் தங்கச்சிக்குத் தைரியம் சொல்லுங்கள். கொப்புளத்தை உடைக்காமல் ஈரத்துணி போட்டுக் குளிர வைத்துக்கொண்டு இன்றைக்கே அதே டாக்டரிடம் திரும்பக் காட்டுங்கள். வெண்புள்ளி உள்ளவர்களுக்குத் தோலில் பலமான காயம் பட்டால் அந்த இடத்திலேயே புதிதாக வெளுக்க வாய்ப்பு உண்டு, அதனால் புண் தானாக ஆறட்டும் என்று விட்டுவிடாதீர்கள்.

நான் இதே வகை மருந்தை மாத்திரையாகப் பதினான்கு மாதம் சாப்பிட்டவள். காலை இட்லி சாப்பிட்ட உடனே மாத்திரை, இரண்டு மணி நேரம் கழித்து வெயில், ஒரு நாள் விட்டு ஒரு நாள். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், சாப்பாட்டோடு போட்டால் அவ்வளவு இல்லை. முதல் மூன்று மாதம் ஒன்றுமே தெரியவில்லை, விட்டுவிடலாம் என்று அழுதிருக்கிறேன். நான்காவது மாதம் கழுத்தில் இருந்த வெள்ளைக்குள் எள்ளு தூவியது போலக் கருப்புக் கருப்பாகப் புள்ளிகள் கிளம்பின. ஒவ்வொரு முடியின் அடியிலிருந்தும் ஒரு புள்ளி. அது மெல்ல விரிந்து ஒன்றோடு ஒன்று சேர்ந்து, ஒரு வருஷத்தில் கழுத்தும் முகமும் பெரும்பாலும் மூடிவிட்டன. ஆனால் விரல் நுனியும் உதட்டோரமும் அப்படியேதான் இருக்கின்றன. அங்கே முடி இல்லை, அதனால் நிறம் வருவது கஷ்டம் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தார், சொன்னபடியே ஆனது.

இன்னொன்று. மாத்திரை போட்ட நாள் முழுக்கக் கருப்புக் கண்ணாடி கட்டாயம். சும்மா கருப்பாக இருந்தால் போதாது, புற ஊதாக் கதிரைத் தடுக்கிற கண்ணாடியாகக் கேட்டு வாங்க வேண்டும். வகுப்பறையிலும் போட்டுக்கொண்டுதான் பாடம் எடுத்தேன், பிள்ளைகள் இரண்டு நாள் சிரித்தார்கள், அப்புறம் பழகிவிட்டது.


வேதியியல் பிரியன் எழுதியது:

உங்கள் முதல் இரண்டு கேள்விக்கும் பதில் ஒன்றுதான், அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

அந்த லோஷனில் இருப்பது பெரும்பாலும் மெத்தாக்சலென். சோராலென் என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. இருட்டில் இருக்கும்வரை அது தோலில் சும்மா கிடக்கும். செல்லுக்குள் போய் டிஎன்ஏ ஏணியின் இரண்டு படிகளுக்கு நடுவே ஒரு அட்டையைச் செருகினது போல உட்கார்ந்துகொள்ளும், அவ்வளவுதான். 320 முதல் 400 நானோமீட்டர் வரை உள்ள புற ஊதாக் கதிர், அதாவது யுவி-ஏ, அதன்மேல் பட்டதும்தான் அதற்கு உயிர் வருகிறது. ஒரு துளி ஒளி பட்டால் ஏணியின் ஒரு பக்கத்தோடு ஒட்டிக்கொள்கிறது. இன்னொரு துளி பட்டால் மறுபக்கத்தையும் பிடித்துக்கொண்டு இரண்டையும் தைத்துவிடுகிறது. தைத்த ஏணியைப் பிரிக்க முடியாது, பிரிக்க முடியாவிட்டால் செல் இரண்டாகப் பெருக முடியாது. சொரியாசிஸ் என்ற தோல் நோயில் தோல் செல்கள் தறிகெட்டுப் பெருகுகின்றன, அதை இது அடக்குகிறது. வெண்புள்ளியில் நம் உடம்பின் எதிர்ப்புச் செல்களே நிறமிச் செல்களைத் தாக்குகின்றன, அந்தத் தாக்குகிற செல்கள் இதில் சாகின்றன. கூடவே மயிர்க்காலின் அடியில் பத்திரமாக மிஞ்சியிருக்கும் நிறமிச் செல்கள் தூண்டப்பட்டு மேலே ஏறி வருகின்றன. டீச்சர் சொன்ன எள்ளுப் புள்ளி அதுதான்.

ஆக, இந்த மருந்துக்கு அளவு என்பது எத்தனை சொட்டு தடவினோம் என்பது மட்டும் இல்லை. எத்தனை நிமிஷம் வெளிச்சம் பட்டது என்பதும் அளவுதான். சிரப்பை மூடியில் அளந்து குடிப்பது போல வெளிச்சத்தையும் அளக்க வேண்டும். உங்கள் தங்கை மாடியில் 5 நிமிஷம் நின்றது சரி. ஆனால் மருந்தைக் கழுவாமல் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தபோது இன்னும் 60 நிமிஷ அளவு உள்ளே போயிருக்கிறது. கண்ணாடி மூடியிருந்தால் பாதுகாப்பு என்று நினைப்போம். சாதாரண ஜன்னல் கண்ணாடி நம்மைச் சிவக்க வைக்கும் யுவி-பி கதிரைத்தான் பெரும்பாலும் தடுக்கும், யுவி-ஏ கணிசமாக உள்ளே வந்துவிடும். இந்த மருந்துக்கு வேண்டியதே யுவி-ஏ. மேகமூட்டமும் அப்படித்தான், நம்ப முடியாது.

மூன்றாம் நாள் பொத்ததும் இதன் குணம்தான். சாதாரண வெயில் சூடு அன்று இரவே எரியும், மறுநாள் உச்சத்தில் இருக்கும். சோராலென் சூடு இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் உச்சத்துக்கு வரும். அதனால்தான் அடுத்தடுத்த நாளில் எடுக்கக் கூடாது, வாரத்துக்கு இரண்டு என்கிறார்கள். முதல் நாள் ஒன்றும் ஆகவில்லையே என்று அடுத்த நாளே நேரத்தைக் கூட்டுகிறவர்கள்தான் மோசமாக மாட்டிக்கொள்கிறார்கள்.

எலுமிச்சம்பழத் தோலிலும் இதே குடும்பப் பொருள்கள் உண்டு. வெயிலில் நின்று நிறைய எலுமிச்சை பிழிந்தவர்களுக்குக் கையில் சாறு வழிந்த கோடு கோடாகக் கருத்துப்போவதும் கொப்புளிப்பதும் இதே வேதியியல்தான். அத்தி இலைப் பாலிலும் உண்டு.


மூலிகை வாசகி எழுதியது:

ஆச்சியின் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், சித்த மருத்துவம் படித்தவள்.

கார்போகரிசி ஒன்றும் செய்யாது என்பது தவறு. அதிலும் இருப்பது இதே சோராலென்தான். சோராலென் என்ற பெயரே அந்தச் செடியின் பழைய தாவரவியல் பெயரான சோராலியா கோரிலிஃபோலியாவோடு சேர்ந்தது. 1933-ல் இந்திய விஞ்ஞானிகள் இந்த விதையை ஆராய்ந்து அந்தப் பொருளைப் பிரித்துக் காட்டினார்கள். வடக்கே பாப்சி, பாகுச்சி என்பார்கள். நம் முன்னோர்கள் இதைத் தடவி வெயில் காயச் சொன்னதில் உண்மை இருக்கிறது, அதில் எனக்குப் பெருமையும் உண்டு. எகிப்திலும் இதே கதைதான். நைல் கரையில் முளைக்கும் அம்மி மஜுஸ் என்ற செடியின் விதையைக் கொடுத்து வெயிலில் உட்கார வைப்பதைப் பற்றி 13-ஆம் நூற்றாண்டில் இப்னு அல்-பைதார் எழுதியிருக்கிறார். கெய்ரோவில் 1940-களில் அந்த விதையிலிருந்து மெத்தாக்சலெனைப் பிரித்தெடுத்தார்கள், அப்துல் மோனெம் எல் மோஃப்தி என்ற தோல் மருத்துவர் அதை வெண்புள்ளிக்குக் கொடுத்துப் பார்த்தார். இன்றைக்கு உங்கள் தங்கை கையில் இருந்த பாட்டில் அந்த வழியில் வந்ததுதான்.

ஆனால் லோஷனில் எத்தனை சதவீதம் என்று சீட்டில் இருக்கும். நாட்டு மருந்துக் கடையில் வாங்கி வீட்டில் காய்ச்சிய எண்ணெயில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? விதை பழசா புதுசா, எவ்வளவு நேரம் காய்ச்சினீர்கள் என்பதைப் பொறுத்து மாறும். ஏற்கனவே பொத்துப்போன கையில் அதைத் தடவினால் மறுபடி பொத்துவிடும். பொடியைத் தேனில் குழைத்துச் சாப்பிடச் சொல்பவர்களும் இருக்கிறார்கள், தயவுசெய்து தானாகச் செய்யாதீர்கள். கார்போகரிசி சாப்பிட்டுக் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி மருத்துவப் பதிவுகளே இருக்கின்றன. சித்த மருத்துவம்தான் வேண்டும் என்றால் பட்டம் பெற்ற சித்த மருத்துவரிடம் போங்கள், இந்த லோஷன் விவரத்தையும் அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். இரண்டையும் சேர்த்து ஓட்டுவதுதான் இருப்பதிலேயே ஆபத்து.


உள்ளங்கால் எழுதியது:

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். எனக்கு உள்ளங்கை, உள்ளங்காலில் சொரியாசிஸ், வெடித்து ரத்தம் வரும். எனக்கும் இதே மருந்துதான், ஆனால் தண்ணீரில் கலந்து கொடுத்தார்கள். ஆஸ்பத்திரியிலேயே ஒரு தொட்டியில் கரைத்து, காலையும் கையையும் கால் மணி நேரம் ஊற வைத்து, துடைத்துவிட்டு, சின்னப் பெட்டி மாதிரி ஒரு விளக்கு மெஷினுக்குள் வைத்துவிடுவார்கள். குமட்டல் இல்லை, கண்ணுக்கும் பிரச்சினை இல்லை, மருந்து அந்த இடத்தில் மட்டும்தானே படுகிறது. ஆறு வாரத்தில் செருப்பில்லாமல் வீட்டுக்குள் நடந்தேன். இந்தச் சொரியாசிஸ் வைத்தியம் எப்போது வந்தது என்று யாராவது சொல்ல முடியுமா?


வேதியியல் பிரியன் எழுதியது:

1974-ல் ஹார்வர்டில் பாரிஷ், ஃபிட்ஸ்பாட்ரிக், டானன்பாம், பாதக் என்ற நான்கு பேர் சேர்ந்து மாத்திரையையும் பலமான யுவி-ஏ விளக்கையும் சேர்த்துக் கடுமையான சொரியாசிஸுக்குக் கொடுத்துக் காட்டினார்கள். சோராலென், யுவி-ஏ இரண்டும் சேர்ந்த சிகிச்சைக்குப் புவா என்ற பெயர் அதிலிருந்துதான் பரவியது. நம் நாட்டில் விளக்குக்குப் பதில் சூரியனை வைத்துச் செய்வதைப் புவாசோல் என்பார்கள். செலவு குறைவு, எந்தக் கிராமத்திலும் செய்யலாம். அதே காரணத்தால்தான் அளவு கைமீறுவதும் அதிகம்.


ஒளியறை நர்ஸ் எழுதியது:

ஒரு தோல் சிகிச்சைப் பிரிவில் ஒளி சிகிச்சை அறையைப் பல வருஷமாகப் பார்த்துக்கொள்கிறேன். எங்களிடம் கொப்புளத்தோடு வருகிறவர்களில் நிறையப் பேர் உங்கள் தங்கை மாதிரிதான், தடவத் தெரிந்திருக்கும், கழுவத் தெரிந்திருக்காது. இதை எழுதுவதற்கே வந்தேன்.

லோஷனைக் காட்டன் பட்ஸால் வெள்ளைக்கு உள்ளே மட்டும் தொட்டு வைக்க வேண்டும், ஓரம் தாண்டக் கூடாது, தாண்டினால் சுற்றியுள்ள நல்ல தோல் கன்னங்கரேலென்று ஆகி வெள்ளை இன்னும் எடுப்பாகத் தெரியும். ஓரத்தில் வாசலின் தடவிக்கொண்டால் வழியாது. தடவிய விரலைக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் விரலும் பொத்துப்போகும். வெயிலில் காட்டி முடித்ததும் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவி, சன்ஸ்கிரீன் போட்டு, துணியால் மூடி, அன்று முழுக்க அந்த இடத்தில் வெயில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பஸ்ஸில் போக வேண்டிய நாளில் தடவவே கூடாது, விடுமுறை நாளாகப் பார்த்து வைத்துக்கொள்வதுதான் நல்லது. சில லோஷன்களை நேரடியாகப் போடாமல் கலந்து நீர்க்க வைத்துப் போடச் சொல்வார்கள், அந்த விகிதத்தை டாக்டரிடம் கேட்டுச் சீட்டில் எழுதி வாங்குங்கள். வெறும் பாட்டில் பலம் பலருக்குத் தாங்காது.

முகப்பருவுக்கு டாக்ஸிசைக்ளின் மாத்திரை எடுக்கிறாளா என்று கேளுங்கள், அதுவும் வெயில் ஒவ்வாமை தரும், இரண்டும் சேர்ந்தால் இரட்டிப்பு. கர்ப்பமாக இருப்பவர்களுக்கும், 12 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கும் சோராலென் மாத்திரையைத் தருவதில்லை. பல வருஷம் எடுத்தால் தோல் புற்றுநோய் அபாயம் கூடும் என்பது வெள்ளைக்காரர்களிடம் செய்த நீண்ட ஆய்வுகளில் தெரிந்தது. நம் நிறத்துக்கு அந்த அபாயம் குறைவு, ஆனால் இல்லவே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அதனால் எத்தனை தடவை எடுத்தோம் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

இப்போது எங்கள் அறையில் புவா எடுப்பவர்கள் குறைந்துவிட்டார்கள், பெரும்பாலும் 311 நானோமீட்டர் விளக்குதான். நேரோபேண்ட் யுவி-பி என்பார்கள். அதற்கு மருந்தே வேண்டாம், வெறும் வெளிச்சம். 1997-ல் நெதர்லாந்தில் இதையும் சோராலென் தடவிய சிகிச்சையையும் வெண்புள்ளிக்கு ஒப்பிட்டுப் பார்த்தார்கள், நிறம் நன்றாகவே வந்தது, தொல்லை குறைவாக இருந்தது. விளக்குகள் பொருத்திய கூண்டுக்குள் நிற்பது முதலில் சில விநாடிகள்தான், மெல்ல மெல்லக் கூட்டுவோம், எவ்வளவு கொடுத்தோம் என்று மெஷினே அளந்து காட்டும். வெளியே வந்த பிறகு கழுவ வேண்டியதும் இல்லை, நாள் முழுக்கக் கண்ணாடி போட வேண்டியதும் இல்லை. உங்கள் டாக்டரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை, குறைந்தது ஆறு மாதம் வர வேண்டியிருக்கும், அதுதான் பலருக்கும் முடிவதில்லை.


மதுரை டீச்சர் எழுதியது:

ஒன்று விட்டுப்போனது. வீட்டில் யாராவது வெண்குஷ்டம் என்று சொன்னால் உடனே திருத்துங்கள். இதற்கும் குஷ்டத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, கிருமி இல்லை, தொட்டால் ஒட்டாது. தமிழ்நாடு அரசே வெண்புள்ளிகள் என்ற சொல்லைத்தான் பயன்படுத்தச் சொல்லியிருக்கிறது. என் நிச்சயத்துக்கு முன்னால் அந்த ஒரு சொல்லால் நான் பட்டது போதும், உங்கள் தங்கச்சி காதில் அது விழ வேண்டாம்.


கோவில்பட்டி அண்ணன் எழுதியது (12 நாள் கழித்து):

எல்லோருக்கும் நன்றி. டாக்டரிடம் திரும்பப் போனோம். பஸ் விஷயத்தைச் சொன்னதும் உடனே புரிந்துகொண்டார், புண்ணுக்குக் களிம்பு கொடுத்தார், ஆறிவிட்டது. ஆச்சியிடம் கார்போகரிசியும் அதே மருந்துதான் என்று சொன்னேன், அப்போ நான் சொன்னது சரிதானே என்றார், ஆனால் எண்ணெய் காய்ச்சவில்லை. இதற்கு மேல் அவளே எழுதுகிறேன் என்கிறாள்.

நான்தான் அந்தத் தங்கை. டீச்சர் அக்கா, நீங்கள் கண்ணாடி போட்டுப் பாடம் எடுத்ததைப் படித்தபோது எனக்கு எவ்வளவு தெம்பாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை, அடுத்த மாதம் எனக்கும் பள்ளியில் கற்பித்தல் பயிற்சி தொடங்குகிறது. கொப்புளம் வந்த நேரத்தில் இனிமேல் வெயிலே வேண்டாம் என்றுதான் நினைத்தேன். இப்போது என்ன நடந்தது என்று தெரிந்த பிறகு பயம் பாதிக்கு மேல் போய்விட்டது. டாக்டர் 311 விளக்குக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார், ஆனால் அது திருநெல்வேலியில், எனக்கு வாரத்துக்கு ஒரு நாள்தான் நிச்சயமாகப் போக முடியும், சனிக்கிழமை. நர்ஸ் அக்கா, வாரத்துக்கு ஒரு தடவை எடுத்தால் பலன் இருக்குமா? அல்லது பயிற்சி முடியும்வரை காத்திருந்து ஒழுங்காகத் தொடங்குவது நல்லதா?


ஒளியறை நர்ஸ் எழுதியது:

காத்திருக்க வேண்டாம்மா, புள்ளி பரவிக்கொண்டிருக்கிற நேரத்தில் நாள் கடத்துவது நல்லதில்லை. வாரத்துக்கு ஒன்று என்பது குறைவு, நிறம் வர ரொம்ப நாள் இழுக்கும். சனிக்கிழமையோடு புதன்கிழமை சாயங்காலம் கடைசி ஆளாக வர முடியுமா என்று அங்கே உள்ள ஒளியறையில் நேரில் கேள். கூண்டுக்குள் நிற்கப் போவது இரண்டு மூன்று நிமிஷம்தான், வேலைக்குப் போகிறவர்களுக்காக எங்கள் அறையில் ஐந்தரை மணி வரை வைத்திருக்கிறோம், அங்கேயும் ஏதாவது வழி சொல்வார்கள். இடையில் இரண்டு வாரம் விட்டுப்போனால் பழைய அளவிலேயே ஏறி நிற்காதே, விட்டுப்போன நாளைச் சொல், குறைத்துத்தான் ஆரம்பிப்பார்கள். முதல் நாள் போகும்போது புள்ளிகளை ஒரே வெளிச்சத்தில், ஒரே தூரத்தில் வைத்துப் போட்டோ எடுத்துக்கொள், மாதம் ஒரு முறை அதே மாதிரி எடு. கண்ணாடியில் தினமும் பார்ப்பவளுக்கு மாற்றம் தெரியாது, போட்டோவில் தெரியும்.